சுரங்க வாசலில் நின்ற மருமகள்

அன்று காலை ஜூராகான் மருமகள் ஊற்றிக் கொடுத்த தேநீரைத் தொடவில்லை. கிண்ணத்தில் பால் ஆடை படிந்து, சுருங்கி, தேநீர் ஆறிப்போயிருந்தது. அந்த வீட்டில் மாமியார் தேநீரைக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தால் யார் தலையிலோ இடி இறங்கப்போகிறது என்று அர்த்தம். அந்த யாரோ எப்போதும் சல்கினாய்தான். அவள் வெந்நீர் கொதிக்கும் சமோவாருக்குப் பக்கத்தில் முழங்காலை மடித்து உட்கார்ந்து, இறங்கட்டும் என்று காத்திருந்தாள்.

"தொக்தோஷ் பொண்டாட்டி நேத்து வந்தா," என்றாள் ஜூராகான்.

"அப்படியா, அத்தை."

"அவ புருஷன் உன்னைப் பாத்தானாம். எடை மேடையில. நீ ஸ்டீரிங்கைப் பிடிச்சுக்கிட்டு ராணி மாதிரி உக்காந்திருக்க, என் மகன் பின்னால படுக்கையில சுருண்டு கெடக்கான். ஊருல அவனுக்குப் பேரு வெச்சாச்சு, தெரியுமா? பாசஞ்சர் துராத்தாம்... நான் பெத்த பிள்ளைக்கு இந்தப் பேரு."

சல்கினாய் கணவனைப் பார்த்தாள். துராத் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து விரிப்பில் போட்டுக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

"தையல் கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு லாரிப் பள்ளிக்கூடத்துக்குப் போனவதானே நீ. அன்னிக்கே உன்னைக் கண்டிச்சிருக்கணும். அவனை மூலையில தள்ளிட்ட. அந்தி சாஞ்சா கிண்ணத்தைத் தட்டிவிடுறான், வாசப்படி தடுக்கி விழறான். எனக்குத் தெரியாதுன்னு நினைக்காத. குடிக்கிறான். குடிக்க வெச்சது நீ." ஜூராகான் கையை நீட்டினாள். "சாவியைக் குடு. உன் அண்ணனுக்குச் சொல்லி அனுப்புறேன். இந்த வாரமே வந்து கூட்டிட்டுப் போகட்டும். பொறந்த வீட்டுல போய் எத்தனை லாரி வேணும்னாலும் ஓட்டிக்க. பேத்தி இங்க இருப்பா. அவ எங்க வம்சம்."

சல்கினாய் சாவியைக் கொடுத்தாள். மகளை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. ஒரு வாக்கியம் சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும். அந்த வாக்கியத்தைத்தான் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

துராத்துக்கு மாலைக்கண். சாதாரண மாலைக்கண் அல்ல. வெளிச்சம் குறைந்தால் எதுவும் தெரியாது. பகலிலும் பக்கவாட்டுப் பார்வை சிறிது சிறிதாகச் சுருங்கிக்கொண்டு வந்தது. இது ஏறுமே தவிர இறங்காது என்று தலைநகர் பிஷ்கெக்கில் கண் டாக்டர் சொல்லிவிட்டார். அன்று ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து துராத் குழந்தையைப் போல அழுதான். "அம்மாவுக்குத் தெரியக் கூடாது. அப்பாவுக்கும் இதேதான் வந்துச்சு. கடைசி வரைக்கும் அவரைக் கைபிடிச்சு நடத்தினது அம்மாதான். மறுபடியும் அதைப் பாக்க வேண்டாம்" என்றான். ஊருக்கும் தெரியக் கூடாது என்பதை அவன் சொல்லவில்லை. ஆண்பிள்ளைகள் அந்தப் பாதியைச் சொல்ல மாட்டார்கள். பெண்டாட்டி தானாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

சல்கினாய் புரிந்துகொண்டாள். லாரி இல்லாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. ஆகவே தையல் கடை என்று பொய் சொல்லிவிட்டு லாரி ஓட்டக் கற்றுக்கொண்டாள். வாத்தியார் முதல் வாரம் முழுக்கச் சிரித்தார். ட்ரெய்லரைப் பின்னால் எடுத்து ஒடுக்கமான சந்துக்குள் அவள் நிறுத்திய நாளில் சிரிப்பை நிறுத்தினார். லைசென்ஸ் கிடைத்தது. அதற்குப் பிறகு அவர்கள் தொழில் ஒரு நாடகமாக நடந்தது. ஊருக்குள் துராத் ஓட்டுவான். இடுகாட்டு வளைவைத் தாண்டியதும் இடம் மாறிக்கொள்வார்கள். தெரிந்தவர் யாராவது இருக்கும் ஊர் வந்தால் மறுபடியும் மாறுவார்கள். மலையும் பனியும் இரவும் அவளுடையவை, வணக்கமும் பெயரும் அவனுடையவை. சரக்கு முதலாளி ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். "ஓட்டுறது நீதான்னு எனக்குத் தெரியும். திங்கக்கிழமையிலேர்ந்து ஓஷ் நகரத்து லோடு உன் பேர்லயே போட்டுத் தர்றேன்" என்றார். அவள் யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டாள். யோசிக்க என்ன இருக்கிறது? அவள் பெயரில் லோடு எடுத்தால் கணவன் ஏன் எடுக்கவில்லை என்று கேள்வி வரும்.

சாவி ஜூராகானின் வெல்வெட் மேல்சட்டைப் பைக்குள் போன சற்று நேரத்தில் தொலைபேசி அடித்தது. கணவாய்க்கு அந்தப் பக்கம், சூசாமிரில், ஜூராகானின் அக்கா பூபைஷா முந்தின நாள் இறந்துவிட்டாளாம். இரவெல்லாம் பனிப்புயலில் தொலைபேசி வேலை செய்யவில்லையாம். இன்று பகல் தொழுகைக்குப் பிறகு எடுத்துவிடுவார்கள். பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. எடுப்பதற்கு முன் போய்ச் சேர்ந்தால்தான் முகம் பார்க்கலாம்.

ஜூராகான் தொலைபேசியை வைத்துவிட்டு, பற்றிக்கொள்ள ஏதாவது தேடுகிறவளைப் போலச் சுவரைத் தடவினாள். "என்னை வளத்தவ... என் அக்கா..." என்றாள்.

புதுப் பனியில் சின்னக் கார்களைக் கணவாயில் விடவில்லை. சக்கரச் சங்கிலி போட்ட லாரிகளை மட்டும் விட்டார்கள். வீட்டு முற்றத்தில் நின்றது ஒரே ஒரு லாரி.

"எடுடா வண்டியை," என்று மகனிடம் சாவியைக் கொடுத்தாள் ஜூராகான். மருமகளைப் பார்த்து, "நீ பின்னால உக்காரு. சாவு வீட்டுல வேலை செய்ய ஆள் வேணும். இல்லேன்னா உன்னை ஏத்தியிருக்கவே மாட்டேன்," என்றாள்.

அடிவாரத்தில் சங்கிலி மாட்டும்போதுதான் கணவனும் மனைவியும் தனியாக இரண்டு வார்த்தை பேச முடிந்தது. சல்கினாய் சக்கரத்துக்கு அடியில் படுத்துக்கொண்டு கொக்கியை இழுத்தாள்.

"மேல சுரங்கப் பாதையில என்ன பண்ணுவீங்க?"

"மெதுவாப் போயிடுவேன். நீ பின்னாலேர்ந்து சொல்லு."

"சொல்லச் சொல்ல ஓட்டுறதுக்கு இது கழுதை வண்டியா? உள்ள போனா உங்களுக்குக் கைவிரல்கூடத் தெரியாது."

"அம்மா இருக்காங்க, சல்கினாய்."

"அதனாலதான் சொல்றேன்."

அவன் எழுந்து போய் ஓட்டுநர் இருக்கையில் ஏறினான்.

தோ-அஷூ கணவாய் ஏற்றத்தில் வெயில் அடித்தது. புதுப் பனிமேல் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. வெளிச்சம் இருந்ததால் துராத் ஓட்டினான். ஆனால் வளைவுகளில் அவன் கழுத்து அளவுக்கு மீறித் திரும்பியது. பக்கவாட்டில் தெரியாதவன் முகத்தையே திருப்பித்தானே பார்க்க வேண்டும். சல்கினாய் படுக்கையிலிருந்து முன்னால் சாய்ந்து மெல்லச் சொன்னாள். "இடது பக்கம் பள்ளம்... கொஞ்சம் உள்ள வாங்க... கியரைக் குறைங்க."

"வாயை மூடிட்டு வர மாட்டியா நீ?" என்றாள் ஜூராகான் திரும்பிப் பார்க்காமல். "அப்பன் காலத்துலேர்ந்து இந்த ரோட்டுல போறவனுக்கு நீ பாடம் எடுக்குற. என் காது கேக்கவே இப்படின்னா, நான் இல்லாதப்ப எப்படி ஆட்டி வெப்ப."

எதிரே வந்த எண்ணெய் லாரி உரசுகிற மாதிரிக் கடந்தது. துராத் அதைப் பக்கத்தில் வந்தபிறகுதான் கவனித்தான். ஸ்டீரிங்கை வெட்டித் திருப்பினான். பின்சக்கரம் ஓரத்துப் பனியைச் சரித்தது. கற்கள் உருண்டு கீழே போகும் சத்தம் வெகுநேரம் கேட்டது. ஜூராகான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறைவன் பெயரைச் சொன்னாள். "உன் பேச்சைக் கேட்டுத்தான் அவன் தடுமாறுறான்," என்றாள்.

சல்கினாய் வாயை மூடிக்கொண்டாள்.

உச்சியில் சுரங்க வாசலுக்கு முன்னால் லாரிகள் வரிசையில் நின்றன. உள்ளேயிருப்பவை வெளியேறியதும் இவற்றை விடுவார்கள். வெள்ளை வெளேரென்ற மலையில் அந்த வாய் மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது. துராத் கண்ணைக் கசக்கிவிட்டு அந்த இருட்டையே பார்ப்பதை அவள் பின்னாலிருந்து பார்த்தாள். இறங்கச் சொன்னால் கேட்க மாட்டான். மாமியாரிடம் சொன்னால் வாக்கு போகும். சொல்லாவிட்டால் மூன்று உயிர் போகும். முன்னால் போகிறவன் உயிரையும் சேர்த்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டில் விட்டுவந்த மகளுக்கு வேறு யாரும் இல்லை.

சங்கிலியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி இறங்கினாள். லாரியைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, அதன் மூக்குக்கு நேரே நடுரோட்டில் நின்றாள்.

வரிசை நகர்ந்தது. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். சல்கினாய் நகரவில்லை.

ஜூராகான் ஜன்னலை இறக்கினாள். "ஏய், உனக்குப் பைத்தியமா? ஏறு."

"அவர் இறங்கட்டும், அத்தை. சுரங்கத்துக்குள்ள நான் ஓட்டுறேன்."

"என்ன சொன்ன?"

"நான் ஓட்டுறேன்."

பத்து ஆண்டு மருமகளாக இருந்தவள் மாமியாரின் முகத்தை நேராகப் பார்த்து, குரலைத் தாழ்த்தாமல் பேசியது அதுதான் முதல் தடவை.

"என் அக்கா அங்க பொணமா கெடக்கா. இந்த நேரத்துல உனக்கு லாரி ஓட்டுற ஆசையா? நீ பொம்பளையா?"

"ஆமா அத்தை, ஆசைதான். அப்படியே வெச்சுக்கங்க. வீட்டுக்குப் போனதும் அண்ணனைக் கூப்பிட்டுத் துரத்திவிடுங்க. ஆனா இப்ப அவர் இறங்கணும்."

பின்னால் நின்ற லாரியின் ஓட்டுநர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்தார். "என்ன தங்கச்சி, புருஷன் பொண்டாட்டி சண்டைக்கு மலையேறணுமா? கீழேயே முடிச்சிருக்கலாமே."

"கொஞ்சம் பொறுங்க அண்ணே," என்றாள் சல்கினாய். கால் நகரவில்லை.

"எடுடா வண்டியை," என்றாள் ஜூராகான் மகனிடம். "கிட்டப் போனா தானா ஒதுங்குவா."

துராத் முன்கண்ணாடி வழியாகப் பார்த்தான். சுற்றிலும் மங்கிப்போய், குழாய் வழியாகப் பார்ப்பதைப் போல நடுவில் மனைவியின் முகம் மட்டும் அவனுக்குத் தெரிந்தது. இரண்டு வருஷமாக ஊர்ச்சிரிப்பையெல்லாம் தாங்கிக்கொண்ட முகம். இப்போதும், இந்த நிமிஷத்திலும், ஆசை என்று பொய் சொல்லி அவனைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறாள். அவன் இன்ஜினை அணைத்தான்.

"அம்மா... அவளைத் திட்டாதீங்க. எனக்கு உள்ள ஒண்ணும் தெரியாதும்மா."

"என்னடா உளறுற?"

"இருட்டுல தெரியல. நான் குடிக்கிறது இல்லம்மா. கண்ணு தெரியாமத்தான் தடுக்கி விழறேன். அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துருச்சு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு இவகிட்ட வாக்கு வாங்கினதும் நான்தான்."

ஜூராகான் மகனைப் பார்த்தாள். அவன் கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்க்கக் கை எழுந்தது. பாதியில் தானாக மடியில் விழுந்தது. துராத் பின்னால் போய்ப் படுக்கையில் உட்கார்ந்தான். சல்கினாய் ஏறி ஸ்டீரிங்கைப் பிடித்தாள்.

சுரங்கத்துக்குள் புகை மண்டிக்கிடந்தது. விளக்குகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக எரிந்தன. சுவரிலிருந்து தண்ணீர் ஒழுகி ரோட்டில் பனிக்கட்டியாக உறைந்திருந்தது. சல்கினாய் பிரேக்கை நம்பாமல் கியரை நம்பி, ஒரே சீராகப் போனாள். பாதி வழியில் பின்விளக்கு இல்லாமல் ஒரு லாரி பழுதாகி நின்றிருந்தது. புகைக்குள் அதன் முதுகு திடீரென்று எழுந்தது. அவள் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, ஸ்டீரிங்கைக் கொஞ்சமாக ஒடித்து, சுவருக்கும் அதற்கும் நடுவே லாரியை நுழைத்தாள். கண்ணாடி ஒரு சாண் இடைவெளியில் கடந்தது. ஜூராகான் கண்ணை மூடவில்லை. மருமகளின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் சூசாமிர் சமவெளி வெள்ளையாக விரிந்தது. இறக்கம் முடிந்து சங்கிலியைக் கழற்ற நிறுத்தினார்கள். சல்கினாய் கழற்றிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு ஏறிய பிறகுதான் மாமியார் வாயைத் திறந்தாள். யாரையும் பார்த்துப் பேசவில்லை, முன்கண்ணாடியைப் பார்த்துப் பேசினாள்.

"உன் மாமனாருக்கு அந்தியில தெரியாது. நான் குதிரைக் கடிவாளத்தைப் பிடிச்சுக்கிட்டு முன்னால நடப்பேன். கேக்குறவங்ககிட்ட குதிரை முரண்டு பிடிக்குதுன்னு சொல்லுவேன். புருஷனைக் கயிறு கட்டி இழுத்துட்டுப் போறாள்னு என் மாமியாரே ஏசினா. நான் வாயைத் திறக்கல..." முன்கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்தாள். "இவன் கிண்ணத்தைத் தட்டிவிட்டப்ப எனக்குத் தெரிஞ்சிருக்கணும். வேற எவளுக்குத் தெரியும். குடின்னு நினைச்சுக்கிட்டேன். குடின்னா திருத்திடலாம் பாரு."

"சரக்கு முதலாளி ஓஷ் லோடை இவ பேர்லயே தர்றேன்னாரும்மா," என்றான் துராத் பின்னாலிருந்து. "எனக்காகத்தான் இவ இன்னும் சரின்னு சொல்லல."

"நேரமாகுது. எடு," என்றாள் ஜூராகான்.

அவ்வளவுதான். சல்கினாய்க்கு நெஞ்சு கசந்தது. மூத்தவர்கள் மருமகளிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் அந்த மண்ணில் இல்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு வார்த்தை... பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால்கூடப் போதுமே என்றிருந்தது. கிராமத்துக்கு முன்னால் இருந்த திருப்பத்தில் அவள் கால் தானாக பிரேக்கை மிதித்தது. துராத் எழுந்து முன்னால் வந்தான். பகல் வெளிச்சத்தில் இடம் மாறிக்கொண்டார்கள். மாமியார் தடுக்கவில்லை. அவமானம் இங்கேயும் என் பங்குதான் என்று நினைத்துக்கொண்டு சல்கினாய் படுக்கையில் போய் உட்கார்ந்தாள்.

பூபைஷாவின் வீட்டு முற்றத்தில் உடலை வைக்க வட்டமான கம்பளிக் கூடாரம் அடித்திருந்தார்கள். உடலை இன்னும் எடுக்கவில்லை. வெளியே ஆண்கள் கோலூன்றிக் குனிந்து நின்று அழுதார்கள். இறந்தவளின் கொழுந்தன் ஒஸ்மோன் துராத்தைக் கட்டிக்கொண்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "இந்தப் பனியில கணவாயைத் தாண்டித் தாயைக் கொண்டு வந்து சேத்துட்டான். பிள்ளைன்னா இவன்தான்." துராத் தலை குனிந்துகொண்டான். ஜூராகான் நேரே கூடாரத்துக்குள் போனாள்.

சல்கினாய் மற்ற மருமகள்களோடு சமோவார் பக்கம் போனாள். ஒருத்தி முக்காட்டுக்குள் சிரித்தாள். "என்ன, இன்னிக்கு உன்னை ஓட்ட விடலியா?"

"தண்ணி கொதிக்குதா பாரு," என்றாள் சல்கினாய்.

கூடாரத்துக்குள் ஒப்பாரி எழுந்தது. அங்கே வந்து சேரும் பெண், சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இறந்தவளிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் பாட்டாகச் சொல்லி அழ வேண்டும். அப்போது யாரும் குறுக்கே பேசக் கூடாது. ஆண்கள்கூட அழுகையை அடக்கிக் கேட்பார்கள். ஜூராகானின் குரல் முதலில் நடுங்கியது. பிறகு தெளிந்து, முற்றம் முழுக்கக் கேட்டது.

"கூடப் பொறந்தவளே, பூபைஷா என் அக்கா,
கொட்டும் பனி தாண்டி உன் முகம் பாக்க வந்தேனே...
கொண்டுவந்தது என் மகன்னு கூடி நிக்கும் ஊர் சொல்லும்,
கொண்டுவந்தவ மருமக சல்கினாய், நீ கேளு...
கண்ணு மங்கும் என் மகனுக்குக் கண்ணாட்டம் நின்னாளே,
கண்ணிருந்தும் குருடி நான் கண்டபடி ஏசினேனே...
சுரங்கத்து வாசலிலே சோராம அவ நிக்காட்டி
உன்னோட சேத்து என்னை ஒரே குழியில் வெச்சிருப்பாங்க...
பொழுதெல்லாம் அழவெச்சேன், பொறுத்துக்கிட்டா பொன்மகளே,
பொறந்த வீடு போன்னு சொன்னேன், போக வேணாம்னு சொல்லு அக்கா..."

முற்றத்தில் ஒருவரும் அசையவில்லை. சிரித்தவள் முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். ஒஸ்மோன் மெல்லத் திரும்பித் துராத்தைப் பார்த்தார்.

"நிஜமாடா?"

"நிஜம்தான் மாமா. எனக்குக் கண்ணு போயிட்டிருக்கு. ரெண்டு வருஷமா ஓட்டுறது அவதான்." துராத் கோலை இறுகப் பிடித்துக்கொண்டான். "திங்கக்கிழமையிலேர்ந்து அவ பேர்லயே ஓட்டுவா."

ஒஸ்மோன் அவன் தோளில் கையை வைத்தார்.

சல்கினாய் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கூடாரத்துக்குள் போனாள். அழைக்காமல் மருமகள் உள்ளே போகக் கூடாது, ஆனால் யாரும் தடுக்கவில்லை. ஜூராகான் சுவரைப் பார்த்தபடியே, திரும்பாமல், கையைப் பின்னால் நீட்டினாள். சல்கினாய் அந்தக் கையைப் பற்றிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். மாமியார் அவள் தலையை இழுத்துத் தோளில் அழுத்திக்கொண்டாள்.

இரண்டு வருஷமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போது வெளியே வந்தது. சல்கினாய் வாய்விட்டு அழுதாள். அந்த அழுகை செத்தவளுக்காக மட்டும் அல்ல என்று அங்கே உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோருக்கும் தெரியும். அழட்டும் என்று நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.